லைன் வீட்டுக்கு யார் பேர் கொடுப்பது

எனக்கு எழுபத்தைந்து வயது ஆகிறது. பெற்று வளர்த்தது நான்கு. நான்கும் நல்லபடியாக இருக்கின்றன. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகச் சொல்லலாம்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் பேத்தி யாழினி இருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிக்கொள் என்று விட்டுவிட்டேன். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசின மாதிரியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். வாய்க்கு வாய் ருசி வேறு.

நான் வேலை பார்த்த எஸ்டேட்டிலிருந்து போன வாரம் சில பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். எல்லோரும் இப்போது தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள். அதில் ஒருத்தி நித்யா. எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின வீடுகளை லைன் என்போம். அந்த லைனில் எனக்கு அடுத்த வீட்டில் இருந்த பாப்பாத்தியின் மருமகள். பாப்பாத்திக்கு வேலை முடியப் போகிறது. நித்யாவும் அவள் புருசனும் லோன் போட்டு மேட்டுப்பாளையம் பக்கம் இடம் வாங்கலாமா, அல்லது லைன் வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க அத்தை, இந்தக் காலத்துல சொந்த ஊடு வாங்கித்தான் ஆகோணுமுங்களா? நீங்க வாங்கவே இல்லை, நல்லாத்தான இருக்கறீங்க?"

நான் சிரித்துவிட்டேன். ஏனென்றால் அதே கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயும் ஓடிக்கொண்டிருக்கிறது. என் கடைசி மகள் செல்வி குன்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜெகதளா பக்கம் ஒரு வாடகை வீட்டில் அவள், மருமகன், யாழினி, நான் எல்லோரும் இருக்கிறோம். கொஞ்சம் கீழே, சரிவில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறேன் என்கிறாள் செல்வி. அதே சமயத்தில் அவளுக்குக் கோயமுத்தூரில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதை முடித்தால் நர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாராகலாம். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அதுதான் ஆசை. ஆனால் படிக்கப் போனால் சம்பளம் நின்றுவிடும். சம்பளம் நின்றால் லோன் கிடையாது. வீடு வாங்கினால் படிப்பு இல்லை, படித்தால் வீடு இல்லை. அவள் வீடு என்று முடிவு செய்துவிட்டாள்.

நித்யாவுக்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதனால்தான் இது.

என் ஊர் அன்னூர் பக்கம், மலைக்குக் கீழே இருக்கிற நாடு. என்னைப் பெண் பார்க்க மாமியார் மட்டும்தான் வந்தார். மாப்பிள்ளை வரவில்லை. சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை, பாடத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். மேடேறினால் மூச்சு வாங்குமா என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்துபோய் எங்கள் அப்பாவிடம் சரி என்று சொல்லிவிட்டார். எங்கள் சித்தி, பெண் பார்க்க வந்தாரா மாடு பார்க்க வந்தாரா என்று கேட்டுச் சிரித்தாள். கலியாணம் முடிந்து மலைக்கு வந்த பிறகுதான் எனக்குக் காரணம் தெரிந்தது.

எஸ்டேட்டில் வீடு வேலையோடு சேர்ந்தது. வாடகை இல்லை, ஆனால் சொந்தமும் இல்லை. வேலை பார்க்கிறவர்களின் பேர் இருக்கிற புத்தகத்துக்குச் செக்ரோல் என்று பேர். ஒரு வீட்டிலிருந்து ஒரு பேராவது செக்ரோலில் இருக்கிற வரைக்கும் அந்த வீட்டில் குடியிருக்கலாம். வயதாகி வேலை முடிந்தால், வீட்டில் வேறு யாராவது பேர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அந்த லைன் வீட்டில்தான் பிறந்தார். ஆனால் எஸ்டேட் வேலைக்குப் போகாமல் குன்னூரில் கொத்தனார் வேலைக்குப் போனார். எல்லோரும் அவரை மேஸ்திரி என்பார்கள். யாருக்கும் கைகட்டி நிற்கிற சுபாவம் அவருக்கு இல்லை. மாமியாருக்கு வேலை முடிகிற வயது வந்துவிட்டது. அப்படியானால் வீட்டுக்கு அடுத்த பேர் யார்? மருமகள்தான். என் விரலை மடக்கிப் பார்த்தது அதற்குத்தான்.

இதை நான் வருத்தமாகச் சொல்லவில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்தது. முதல் மழைக்காலம் அட்டைக்கடியிலும் குளிரிலும் போனது. அடுத்த மழைக்காலத்துக்குள் நான் முன் வரிசைக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வேலை முடிகிற வரைக்கும் என்னைப் பின்னால் தள்ளினவள் கிடையாது. என் கூடையில் முற்றின இலை ஒன்று காட்டுங்கள் பார்ப்போம் என்று எடை போடுகிற இடத்தில் சவால் விடுவேன். காட்டெருமை நிற்கிற தேயிலைக் காட்டுக்குள் பயப்படாமல் இறங்குவதற்கும் என்னைத்தான் முன்னால் விடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எங்களுக்கு மேலே இருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் காட்டு வேலையைக் கவனிக்கிற ஆபீசரைக் கண்டக்டர் என்போம். பஸ் கண்டக்டர் இல்லை. பல பேர் வந்து போனார்கள். கடைசியாக வந்தவர்தான் அதிக காலம் இருந்தார். ஒல்லியாக இருப்பார், மழையோ வெயிலோ அரக்கு நிற ஸ்வெட்டர். காலையில் எல்லோரும் கூடுகிற களத்துக்குப் பெரட்டு என்று பேர். அங்கே நின்று செக்ரோல் பார்த்துப் பேர் வாசிப்பார். முன்னால் இருந்தவர்கள் குட்டச்சி, கறுப்பி என்று வாய்க்கு வந்தபடி கூப்பிடுவார்கள். இவர் முழுப் பேர் சொல்வார். யாருக்காவது பிள்ளைக்குக் காய்ச்சலாக இருந்து வர நேரமானால், வரிசை முடிந்த பிறகு அந்தப் பேரை இன்னொரு தரம் வாசிப்பார். அவள் மேட்டில் ஓடி வருகிறது தெரிந்தால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். துடைத்து முடிக்கும்போது அவள் வந்து நின்றிருப்பாள். கண்ணாடி அத்தனை அழுக்கா என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. லைன் வீட்டுக்குள் வருவதென்றால் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிடுவார். மழைக்காலத்தில் அந்த ஷூவின் கயிற்றை அவிழ்க்கவே நேரம் பிடிக்கும். எதுக்குங்க, அப்படியே வாங்க என்றால் கேட்கமாட்டார். எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது வெறும் காலோடு உள்ளே நுழைந்து, தரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

தரை அப்படி. லைன் வீடுகளில் சிமெண்டுத் தரை பேர்ந்து கிடக்கும். என் வீட்டுக்காரர் சிவப்புப் பொடி கலந்து தரை போட்டிருந்தார். வேலைக்குப் போகாத நாளெல்லாம் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி ஆக்கியிருந்தார். பின்பக்கம் ஒரு குளியலறை கட்டினார். அடுப்படிக்கு அலமாரி வைத்தார். கம்பெனி வீட்டுக்கு எதற்கு இத்தனை என்று பாப்பாத்தியின் புருசன் கிண்டல் செய்வார். குடியிருக்கறவனுக்குத்தான ஊடு என்பார் இவர். எல்லோருக்கும் தெரியும் வீடு யாருடையது என்று. தெரியாத மாதிரி வாழ்ந்தோம். லைனில் இதைச் செய்யாத குடும்பம் ஒன்று கூடக் கிடையாது. ஒருவர் வாசலுக்குத் தகரம் போடுவார், ஒருவர் பேரி மரம் வைப்பார். காய்க்கிற காலத்தில் வேலை முடிந்து வீட்டை விட்டுப் போவார்.

எனக்கும் வேலை முடிகிற வயது வந்தது. ஒரு சாயங்காலம் கண்டக்டர் வீட்டுக்கு வந்தார். ஷூவைக் கழற்றினார். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன், கையில் வாங்கிக் கீழே வைத்துவிட்டார். பேச்சு முடிகிற வரைக்கும் குடிக்கமாட்டார், அது அவர் முறை.

"அம்மா, தை மாசத்தோட உங்க பேரை எடுக்கோணுமுங்க. அடுத்து யாரு பேருங்க?"

என் மகன்கள் இரண்டு பேரும் அப்போதே திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார்கள். பெரிய மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. மிச்சம் செல்வி மட்டும். அவள் நர்ஸ் படிப்பில் பாதியில் இருந்தாள். லீவுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை.

"செல்வி பேரு போடுங்க. புள்ளைக்குக் கையும் காலும் நல்லாத்தான் இருக்குது."

நான் அந்த மனிதரை எதிர்த்து வெளியாள் முன்னால் பேசினது இல்லை. ஆனால் செல்வி எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"நான் வர்றனுங்கம்மா. அப்பாவுக்கு இந்த ஊடு வேணும். படிப்பு என்னுங்க, பாதிதான படிச்சிருக்கறேன்."

கண்டக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுக்கவில்லை. யோசிச்சுச் சொல்லுங்க, அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டு ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்த சண்டையை முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அவர் பிறந்த வீடு, அவர் அம்மா செத்த வீடு, அவர் கையால் தேய்த்த தரை. வெளியே போனால் வாடகை, வாடகை வீட்டில் வெந்நீர் அடுப்பு வைக்கக் கூட ஒருத்தரைக் கேட்க வேண்டும். எங்கம்மா உன்னை வெச்சுத்தான இந்த ஊட்டக் காப்பாத்துனா என்று கேட்டார். அந்தப் பேச்சுதான் என்னை முடிவெடுக்க வைத்தது. ஆமாம், என்னை வைத்துத்தான். என் விரலை மடக்கிப் பார்த்த மாதிரி நான் செல்வியின் விரலைப் பார்க்க முடியாது என்று தோன்றியது. எனக்கு அந்த வேலை பிடித்துப் போனது என் அதிர்ஷ்டம். பிடிக்காமல் இருந்திருந்தாலும் நான் போயிருக்க வேண்டும். வீடு அப்படிக் கேட்டது.

மறுநாள் பெரட்டில் எல்லோர் பேரும் வாசித்து முடித்த பிறகு கண்டக்டரிடம் போய் நின்றேன்.

"எங்க ஊட்டுல யாரு பேரும் இல்லீங்க."

"மேஸ்திரி ஒத்துக்கிட்டாருங்களா?"

"இல்லீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அன்றைக்கு யாரும் ஓடி வரவில்லை.

வீட்டை ஒப்படைப்பது ஒரு முறை. கண்டக்டர் எஸ்டேட் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வருவார். ஆசாரி கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார், ஜன்னல் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பார், கூரைக்கு ஏணி வைப்பார், குழாயைத் திறந்து மூடுவார். உடைந்திருந்தால் எழுதிக்கொள்வார்கள். நாம் சேர்த்துக் கட்டினது எதற்கும் கணக்கு இல்லை. ஆனால் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம். சிலர் தகரத்தைப் பிரித்துக்கொண்டு போவார்கள். கண்டக்டர் என் வீட்டுக்காரரிடம், அலமாரி உங்களது, எடுத்துக்குங்க மேஸ்திரி என்றார்.

இவர் ஒன்றும் எடுக்கவில்லை. அன்றைக்கு விடிந்ததிலிருந்து தேங்காயெண்ணெய் தொட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. கண்டக்டர் வெறும் காலோடு உள்ளே வரவே யோசித்தார்.

"என்னுங்க மேஸ்திரி, இப்பிடி வெச்சிருக்கறீங்க?"

"வர்றவன் வழுக்கி உழுகட்டுமுங்க."

ஆசாரி சிரித்தார், கண்டக்டர் சிரித்தார், எனக்கும் அடக்க முடியவில்லை. இவர் மட்டும் சிரிக்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். வெகு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதுதான் முதல் பேச்சு.

குன்னூரில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். செல்வி படித்து முடித்து வேலைக்குப் போனாள். முதன்முதலாக வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கு இவர் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். உன்ற அம்மா பண்ணுனது சரிதான் என்று அவளிடம் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் என்னிடம் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

செல்விக்குக் கலியாணமாகி யாழினி கைக்குழந்தையாக இருந்தபோது என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வேனில் ஏற்றினோம். அந்த வாரம்தான் எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாள் மகளுக்குக் கலியாணம். வாசலில் முகூர்த்தக்கால் நட்டு மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். அந்த அம்மாள் பாதி வழியில் ஓடி வந்து வேனை நிறுத்திவிட்டு அழுதாள். உள்ளே கொண்டுவராதீங்க என்று சொல்ல வாய் வராமல் கையைக் கூப்பினாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கால் நட்ட வீட்டுக்குள் பிணத்தை ஏற்ற நானே சம்மதித்திருக்கமாட்டேன். ஆனால் வேனை எந்தப் பக்கம் திருப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அழக்கூட முடியாமல் ரோட்டில் நின்றாள்.

பாப்பாத்திக்குப் போன் போட்டேன்.

"எதுக்குங்கக்கா ரோட்ல நிக்கறீங்க? நம்ம ஊட்டுக்குக் கொண்டாங்க."

நம்ம ஊடு என்று அவள் சொன்னது நாங்கள் ஒப்படைத்த வீட்டை. அதில் அப்போது ஜார்கண்டிலிருந்து வந்த ஒரு புருசன் பெண்டாட்டி குடியிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண் சாமான்களையெல்லாம் பின்னால் அள்ளி வைத்து, முன்னறையைக் கழுவி விட்டிருந்தாள். தமிழ் தெரியாது. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். அவர் போட்ட தரையில்தான் அவரைக் கிடத்தினோம். லைன் முழுக்க வந்தது. திருப்பூரிலிருந்து மகன்கள் வந்தார்கள். கண்டக்டர் வந்தார், வாசலில் ஷூவைக் கழற்றினார். மாலையைப் போட்டுவிட்டுக் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார்.

"தரை ஒரு வெடிப்புக் கூட உடலீங்கம்மா" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அன்றைக்கு எனக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை. அவர் எந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்றாரோ அந்த வீட்டிலிருந்துதான் போனார். செல்வியின் படிப்பைக் கொடுத்து வாங்காமலேயே அது நடந்தது. ஆனால் செல்வி அன்றைக்கு ரோட்டில் நின்றதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. போன மாதம்தான் தெரிந்தது.

விலைக்கு வந்த வீட்டைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நல்ல வீடுதான். பட்டா சுத்தம், தண்ணீர் வருகிறது. செல்வி அடுப்படியைச் சரியாகப் பார்க்கவில்லை. வேன் வாசல் வரைக்கும் வருமா என்று கேட்டாள். பிறகு முன்னறையில் நின்று, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் கண்ணால் அளந்தாள். ஒரு தடவை என்னைப் பார்த்தாள், மறுபடியும் தரையைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது. அவள் என் நீளத்தை அளந்துகொண்டிருக்கிறாள்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன்.

"ஏன் அம்மிணி, நான் படுத்தா அந்த ரூம்ல இடம் பத்துமா?"

அவள் நின்றுவிட்டாள். அப்புறம் சொன்னாள்.

"இன்னொருக்கா நான் ரோட்ல நிக்க மாட்டனுங்கம்மா."

அதற்கு இப்போது பதில் சொல்கிறேன்.

நித்யா, உனக்கு முதலில். சொந்த வீடு நல்லதுதான். ஓடு மாற்ற, ஆணி அடிக்க, விருந்தாளி வந்தால் இரண்டு நாள் தங்கவைக்க யாரையும் கேட்க வேண்டாம். என் மகன் ஒருவன் திருப்பூரில் வாங்கியிருக்கிறான், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவனுக்கு அந்தக் கம்பெனி பிடிக்கவில்லை, விட்டு வரவும் முடியவில்லை. பேங்குக்காரனும் ஒரு பேர் கேட்கிறான். அந்தப் பேர் மாசா மாசம் வேலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வீடு இல்லை. லைன் வீட்டுக்கும் இதுதானே முறை. அதனால் வீட்டைப் பார்க்கும்போது சுவரைப் பார்ப்பதற்கு முன்னால், இந்த வீட்டுக்காக யார் வேலைக்குப் போகப் போகிறார்கள், அவர்களுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதா என்று பார். உனக்கும் உன் புருசனுக்கும் பிடித்து, மனதார வாங்கினால் தாராளமாக வாங்கு. உன் பிள்ளை பேரில் ஏற்றாதே.

நான் வாங்காமலே நன்றாக இருக்கிறேன் என்று நீ சொன்னாய். நிஜம்தான். இந்த வீட்டுக்கு உடைமைக்காரி படுகர் அம்மாள். அவரைக்காய் காய்த்தால் முதல் பறி எனக்குத்தான் வரும். காலையில் வெயில் விழுகிற இடத்தில் என் நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறாள். நான் எழுந்து வர நேரமானால் ஜன்னலைத் தட்டுகிறாள். பத்திரத்தில் இதெல்லாம் எழுத முடியாது.

செல்விக்கு இனி. அம்மிணி, அந்த வீடு உனக்கு வேண்டும் என்று இருந்தால் நான் குறுக்கே வரமாட்டேன். பால் காய்ச்சுகிற அன்றைக்கு முதல் ஆளாக நிற்பேன். ஆனால் நான் செத்துக் கிடப்பதற்காக நீ வீடு வாங்கக் கூடாது. ஒரு நாள் வேலைக்கு இத்தனை வருச லோனா? அன்றைக்கு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்காகப் பேர் கொடுக்க வந்தாய். நான் விடவில்லை. இப்போது எனக்காகப் பேர் கொடுக்க வருகிறாய். இப்போதும் விடமாட்டேன். என்னை எங்கே கிடத்துவது என்று நீ கவலைப்படாதே. மழை இல்லாத நாளாக இருந்தால் வாசலே போதும். மழையாக இருந்தால் படுகர் அம்மாள் கதவைத் திறப்பாள், அவள் திறக்காவிட்டால் பாப்பாத்தி திறப்பாள். எத்தனையோ பேருக்கு நான் கதவைத் திறந்திருக்கிறேன். எனக்கு இல்லாமல் போகாது. நீ கோயமுத்தூருக்குப் போய்ப் படி. யாழினியை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் வளர்த்ததில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இதை நேரில் சொன்னால் அவள் அழுவாள், அவள் அழுதால் நான் சரி வாங்கிக்கோ என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் எழுதச் சொன்னது.

யாழினி, போதும் கண்ணு, பேனாவை மூடு. உங்கம்மா டூட்டி முடிஞ்சு வந்துட்டா, அடுப்படியில குக்கர் வெக்கற சத்தம் கேக்குது. மொதல்ல இருந்து படி. எனக்குக் காது நல்லாத்தான் இருக்குது, இருந்தாலும் சத்தமாப் படி. அடுப்படி வரைக்கும் கேக்கோணும்.